டீச்சரைப் பற்றி ஒரு புகார்

பாயா தெருபோங், பதினேழாம் மாடி.
லிப்ட் இரட்டைப்படை மாடிகளில் மட்டும் நிற்கும்.
பதினாறில் இறங்கி ஒரு மாடி ஏறினால்
எங்கள் பள்ளிக்கூடம்:
குழம்புக் கறை போகாத சாப்பாட்டு மேசை,
அதன் ஒரு மூலையில்
பட்டர்வொர்த் லாரி கம்பெனியின் கணக்குக் கோப்புகள்,
மறு மூலையில்
கன்னத்தை மேசையில் ஒட்டிவைத்துப் படுத்திருக்கும்
மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மொத்தமும்.
ஒருத்திதான். சர்வினி.

கீழே சீனப்பள்ளியில் மணி அடிக்கிறது.
தான் படிக்காத பள்ளியின் மணிக்கு
என் மகள் கட்டுப்படுகிறாள்.
பத்து மணிக்கு அது அடித்ததும்
"ரேஹாட்!" என்று ஓடி ஐஸ்பெட்டியைத் திறக்கிறாள்.
திங்கட்கிழமை காலை
நாட்டுப்பண் பதினேழு மாடி ஏறி வரும்போது
இரவு உடையோடு, பல் துலக்காமல்,
கைகளை உடம்போடு ஒட்டி நேராக நிற்கிறாள்.
நான் சொல்லி அவள் நின்றதில்லை.

பின்னம் நடத்தினேன்.
ஆயர் ஈத்தாம் சந்தையில் அபாம் பாலிக் வாங்கிவந்து
நான்காக வெட்டி,
மூன்றை ஒரு தட்டிலும் ஒன்றை ஒரு தட்டிலும் வைத்துவிட்டு
பேனா எடுக்கத் திரும்பினேன்.
மீதி எவ்வளவு என்று கேட்பதற்குள்
மீதி இல்லை.
வாயோரம் கடலைத் தூள்.
"பூஜ்யம்மா" என்றாள்.
சரியான விடைதான்.
மதிப்பெண் போட மனம் வரவில்லை.

போன வருஷம்
பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் தினமும் வாந்தியெடுத்தவள்.
காடிக் கதவைப் பிடித்திருந்த விரல்களை
ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறேன்.
அதற்காகத்தான் கடிதம், பாரம், நான்கு பிரதி,
அவள் அப்பா கப்பலிலிருந்து அனுப்பிய கையெழுத்து.
வீட்டிலேயே இருந்தால்
விரல்கள் தானாகத் திறக்கும் என்று நினைத்தேன்.
திறந்தன,
பென்சிலைத் தவிர எல்லாவற்றுக்கும்.

புதன்கிழமை. மழை. மலை தெரியவில்லை.
முக்கால் பெரிதா, அரை பெரிதா?
ஏழாவது முறை கேட்டபோது
என் குரல் எனக்கே கேட்டது.
கணிதப் புத்தகம் பறந்துபோய்
மீன்தொட்டிக்குப் பின்னால் விழுந்தது.
எறிந்தது அவளில்லை.

அவள் அழவில்லை. யோசித்துச் சொன்னாள்:
"ஸ்கூல்ல டீச்சர் ஏசுனா
ஒங்ககிட்ட வந்து சொல்லலாம்.
இங்க டீச்சர் ஏசுனா
யார்கிட்டம்மா போய்ச் சொல்றது?"

நாற்பது லாரிகளின் பாக்கியை
ஒரு காசு பிசகாமல் நேர்செய்பவள் நான்.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

கண்ணாடியைக் கழற்றினேன்.
மைலோ கலக்கி எடுத்துவந்து
நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.
"என்னாச்சு இன்னிக்கு ஸ்கூல்ல?"

கொஞ்ச நேரம் பார்த்தாள்,
இந்த ஆளை நம்பலாமா என்று.
பிறகு பக்கத்தில் வந்து
"எங்க டீச்சர் இருக்காங்கல்ல..." என்று தொடங்கினாள்.

கேள்வி கேட்டுவிட்டு டீச்சர் போன் பார்க்கிறாராம்.
விடை தப்பாவதற்கு முன்பே
பெருமூச்சு விட்டுவிடுகிறாராம்.
ஈப்போவில் இருக்கிற பெரியம்மா மகனை
இந்த வகுப்புக்கு ஏன் தினமும் கூட்டிவருகிறார்
என்று தெரியவில்லையாம்.
"முக்கால்தான் பெருசுன்னு எனக்குத் தெரியும்மா.
சொன்னா அடுத்த கேள்வி வரும்.
அதான் சொல்லல."

"மோசமான டீச்சரா இருப்பாங்க போல.
நான் வந்து பேசட்டுமா?"
"வேணாம்மா. பாவம்.
அவங்களுக்கு வேற வேலையும் இருக்கு."

ஒரு மணிக்குக் கீழே மணி அடித்தது.
சன்னல் கம்பியில் நெற்றி வைத்து
குடைகள் கலைந்து போவதைப் பார்த்தோம்.
புத்தகம் இன்னும் அங்கேயே கிடந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வாலாட்டி நின்ற ஒரு மீன் மட்டும்
பின்னட்டை வாய்ப்பாட்டில் கருத்தாக இருந்தது.

மைலோவைப் பாதி குடித்து வைத்திருந்தாள்.
பாதி என்றால், என்று வாயெடுத்தேன்.
குவளையைத் தூக்கி
மீதியை நான் குடித்துவிட்டேன்.