பதினைந்து கிராம்

மூஸ் ஜாவில் ஏப்ரல் கடைசி.
ஊரே பனிக்கால டயரைக் கழற்ற வரிசையில் நிற்கிறது.
அப்பாவின் கடையில், கல்லாவுக்குப் பின்னால் நான்.
விரல்களில் ரப்பர் கருமை,
மடிக்கணினியில் இரண்டு பல்கலைக்கழகங்கள்.

வணிக நிர்வாகம், நான்கு வருடம்.
ஒன்று சஸ்கட்டூனில்.
காரில் இரண்டரை மணி நேரம்.
வருடம் நாலாயிரம் டாலர் உதவித்தொகை,
லரீசா சித்தி வீட்டு நிலவறையில் இலவசக் கட்டில்,
கட்டிலுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் உறுமும் கொதிகலன்.
பிப்ரவரியில் போய்ப் பார்த்தேன்.
பின்னோக்கி நடந்தபடியே பேசிய வழிகாட்டிப் பையன்
தூணில் இடித்துக்கொண்டான், சிரித்தான்.
அந்த ஊர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.
குறை இல்லாததற்கு
எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது?

மற்றது ஹாலிஃபாக்ஸில்.
இரண்டு விமானம். உதவித்தொகை பூஜ்யம்.
படிப்புக்கு நடுவே மூன்று முறை சம்பளத்தோடு வேலை,
வகுப்பறை ஜன்னலில் கடல்
என்கிறது கையேட்டின் பன்னிரண்டாம் பக்கம்.
நான் கடலைப் பார்த்ததில்லை.

முன்பணம் ஐந்நூறு, திரும்பக் கிடைக்காது.
இன்று நள்ளிரவு வரை.

அட்டவணை போட்டேன்.
செலவுக்கு எடை நாற்பது,
வேலைவாய்ப்புக்கு முப்பது,
ஆசிரியர்களுக்கு இருபது,
'மற்றவை' பத்து.
சஸ்கட்டூன் வென்றது.
செலவை முப்பத்தைந்தாக்கினேன்.
சஸ்கட்டூன்.
முப்பது.
மயிரிழையில், அப்போதும் சஸ்கட்டூன்.
'மற்றவை'யை இருபத்தைந்துக்கு ஏற்றினேன்.
மற்றவை என்றால் என்னவென்று
எங்கேயும் எழுதவில்லை.
ஹாலிஃபாக்ஸ் வென்றது.
கூட்டிப் பார்த்தால் நூற்றைந்து.

ஒரு கண்ணில் வெண்ணெய்,
ஒரு கண்ணில் சுண்ணாம்பு;
இரண்டு கண்ணும் என்னுடையவை.

இதற்கிடையில் ஃப்ரீசன் வந்தார்.
"இந்த மாதமும் எழுதிக்கொள், டாரினா."
அறுநூற்றுப் பத்து ஏற்கெனவே நிற்கிறது.
எழுதிக்கொண்டேன்.
இந்தக் கடையில் வராக்கடன் என்பது
பாடத்தின் தலைப்பல்ல,
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
தன் காலணிச் சேற்றைப் பார்த்துப் பேசும் ஒருவர்.
இதை எங்கே சொல்லித் தருவார்கள் என்று
ஒரு வரி சேர்த்தேன்.
இரண்டுக்கும் தெரியவில்லை.

கடைசி மேடையில் அப்பா
சமன்செய்யும் எந்திரத்தில் ஒரு சக்கரத்தை ஏற்றினார்.
புதுசு. கண்ணுக்கு முழு வட்டம்.
சுழன்றது, நடுங்கியது, நின்றது.
உள்விளிம்பில் பதினைந்து கிராம் என்றது திரை.
கட்டைவிரல் நகமளவு உலோகத் துண்டை
விளிம்பில் தட்டிப் பொருத்தி
மறுபடி சுழற்றினார்.
பூஜ்யம். பூஜ்யம்.
அவர் சக்கரத்தைக் கேட்டு எடையை வைக்கிறார்.
நானோ
போக வேண்டிய பக்கத்தை முடிவுசெய்துவிட்டு
எடை தேடிக்கொண்டிருந்தேன்.

அட்டவணையைச் சேமிக்காமல் மூடினேன்.

ஆறு மணிக்குக் கதவடைத்தோம்.
"எது?" என்றார் அப்பா.
இரண்டு மாதமாய்க் கேட்காத கேள்வி.
"தூரத்தில் இருப்பது."
கையைக் கந்தல் துணியில் துடைத்தார்,
சுத்தமான பிறகும் துடைத்தார்.
"எவ்வளவு இடிக்கும்?"
"வருடத்துக்குப் பதினோராயிரம்."
தலையாட்டினார். பணத்தைப் பற்றி அவ்வளவுதான்.
விளக்கை அணைக்கப் போனவர்
சுவரைப் பார்த்துக் கேட்டார்:
"அக்டோபரில் ஊரே திரும்ப டயர் மாட்ட வருமே,
கணக்கை யார் எழுதுவது?"

அந்த வரி
என் அட்டவணையில் இல்லவே இல்லை.

பதினொன்றே முக்கால்.
அட்டை எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.
மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது.
திரையில் ஒரு சின்ன வட்டம் சுழன்றது,
சுழன்றுகொண்டே இருந்தது.
பக்கத்து அறையில்
அப்பாவின் குறட்டை கேட்கவில்லை.