ஜன்னல் அளவு

ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று ஃபாலோயர்.
அத்தனை பேருக்கும் காலை ஆறு மணிக்கு
பனித்துளி வைத்த ஒரு ரோஜா.
ரோஜாவுக்குக் கீழே:
கொசுவலை சதுர அடி நாற்பத்தைந்து, அளவெடுக்க இலவசம்,
அடைக்கலராஜ், கழனிவாசல், காரைக்குடி.
சாயங்காலம் அதே ரோஜா மறுபடி,
பனித்துளி காயாமல்.

முன்பு பழைய பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன்.
வாங்கின கை பத்தடி தாண்டிக் கீழே விடும்.
தேவகோட்டை பஸ் அதன்மேல் ஏறிப் போகும்.
வலிக்கும். ஆனால் கண்ணால் பார்த்த வலி.
போனில் யார் எங்கே கீழே விட்டார்கள் என்று
எனக்குத் தெரியவே இல்லை,
பதினெட்டாம் நாள் உமையாள் என்று ஒருவர் எழுதும்வரை:

"வலை போட்டா கொசு வராது, சரிண்ணே.
நீங்க வராம இருக்க என்ன போடணும்?"

சேவுகனிடம் காட்டினேன்.
ஏணியில் நின்று, வாயில் திருகாணிகளோடு சிரித்தான்.
ஒன்று விழுந்து உருண்டது.
அதைத் தேடிக்கொண்டிருந்ததால்
நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கம்பெனியே என் வாயைக் கட்டியது:
'மிக வேகமாகச் செயல்படுகிறீர்கள்.
ஏழு நாள் கழித்து வாருங்கள்.'
என்னை வேகமானவன் என்று
சொன்ன முதல் ஆள்.

அனுப்ப முடியாது, படிக்கலாம்.
அப்போதுதான் திரையைத் தள்ளித் தள்ளி
பழையதற்குப் போனேன்.
கானாடுகாத்தான் வீட்டுக்காரர், இருப்பது சிங்கப்பூரில்.
ஒரு ரோஜா விடாமல் இதயம் போட்டிருக்கிறார்.
தொண்ணூற்றாறு ஜன்னல்; கடிபட ஆள் இல்லை.
பள்ளத்தூர்ப் பையன் ஒருவன்
பூனை கிழித்த வலையைப் படம் பிடித்து
"இதுக்கு என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறான்.
என் பதில், ரோஜா.
கல்லூரிச் சாலை நர்ஸம்மா:
"நைட் டூட்டி முடிச்சு இப்பத்தான் படுத்தேன்."
அதற்குப் பதில், சாயங்கால ரோஜா.
கோட்டையூர் மெய்யம்மை, மாசி மாதம்:
"சமையக்கட்டுக்குள்ள பல்லி வருது.
உங்க வலையோட கண்ணு எவ்வளவு சின்னது?"
விலைப்பட்டியல் ஒட்டியிருக்கிறேன். மூன்று தடவை.

எட்டாம் நாள் வாய் திறந்தது.
பழக்கத்தில் கட்டைவிரல் ரோஜாவைத் தொட்டது,
சுட்டதுபோல் எடுத்துக்கொண்டேன்.
மெய்யம்மைக்கு மட்டும், ஆவணியில்,
"அந்தப் பல்லி இன்னும் இருக்கா?"

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை.
புதுவயலில் ஒரு கதவுக்குச் சட்டம் அடித்தேன்,
அரை இஞ்சு தப்பாக.
பிறகு வந்தது: "முட்டை போட்டிருச்சு. இப்ப அஞ்சு."
கூடவே ஒரு வீடியோ.
டியூப்லைட்டுக்குக் கீழே பெரிசு,
அசையாமல், அசையாமல்,
பிறகு ஒரே தாவல். ஒரு கொசு காலி.
என் தொழிலைச் செய்கிறது,
சதுர அடிக் கணக்கில்லாமல்.
"கைகாரப் பல்லி" என்று எழுதினேன்.
"வாய்க்காரப் பல்லின்னு சொல்லுங்க" என்றார்.

"ரேட் அனுப்பினியாண்ணே?" என்றான் சேவுகன்.
"கேக்கலையே."
ஒரு மாதிரி பார்த்தான்.
வெள்ளிக்கிழமை அவனுக்குச் சம்பள நாள்.

பூனைப் பையனுக்கு எழுதினேன்:
நைலான் எல்லாம் நிக்காது, தம்பி, கம்பி வலை போடு.
என்கிட்ட இருப்பு இல்லை,
செக்காலைச் சாலையில் கிடைக்கும்.
உமையாள் பக்கம் திறக்கவில்லை.
என்ன போடணும் என்று கேட்டாரே,
போட்டுவிட்டார்.

நர்ஸம்மாவுக்குத்தான் வார்த்தை வரவில்லை.
இரண்டு தடவை அடித்து அழித்தேன்.
இப்போது "மன்னிக்கணும்" என்று மட்டும் நிற்கிறது.
மணி பதினொன்று. தூங்கிக்கொண்டிருப்பார்.
போனைக் கவிழ்த்து ஏணியின் கீழ்ப்படியில் வைத்துவிட்டு
டேப்பை இழுத்தேன்.
நாலுக்கு மூன்றரை.