இணைந்த கருவிகள்

ஐந்து ரோடு கடையில்
கிஷோர் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
நிலாவை இழுத்துப் பக்கத்தில் காட்டினான்.
பள்ளம்கூடத் தெரியுது பாருங்க மேடம்.

எனக்கு நிலா வேண்டாம் தம்பி.
காரில் பாட்டு வேண்டும்.

பாட்டு எல்லா போனிலும் வரும் மேடம்.

எட்டாம் வளைவில் வருமா?

அப்போதுதான் அவன்
போனை விட்டு என் முகத்தைப் பார்த்தான்.

கோரிமேடு தாண்டி
அடிவாரம் செக்போஸ்ட் வரை
எல்லா போனும் நல்ல போன்தான்.
அதற்குமேல்
எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்
மலை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது.
சரணத்தின் பாதியில்
'உன்' என்ற சொல்லோடு பாட்டு அறுந்துபோகும்.
திரையில் ஒரு சக்கரம் சுற்றும்.
கையில் இன்னொரு சக்கரத்தை
நான் சுற்றிக்கொண்டிருப்பேன்.
எதிரே பால் வண்டி.

டவர் நின்றால் பாட்டு நின்றுவிடும்,
டவர் நின்றால்தான் பாட்டு நிற்கும்:
இரண்டும் சரியாக இருக்கும் மொழியில்
இவனிடம் என்னவென்று கேட்பது?

வங்கி கனகசபை
சாப்பாட்டு டப்பாவின் மேல் தாளம் போடுவார்,
எப்போதும் கொஞ்சம் வேகமாக.
நூருன்னிசா டீச்சர்
சன்னலுக்கு வெளியே முணுமுணுப்பார்,
மிளகுக் கொடி ஏறிய மரங்களிடம்.
ஆளுக்கொரு வேகத்தில் பாட்டை முடித்துவிடுவோம்.
பன்னிரண்டாம் வளைவில்
அது விட்ட இடத்திலிருந்தே வரும்.
'உன்' என்று நின்றது
'னை' என்று எழுந்திருக்கும்.
யாரும் அங்கே இருக்க மாட்டோம்.

முன்பு இப்படி இல்லை.
முன் சீட்டில் பெர்னதெத் இருந்தாள்,
ஏற்காடு ஆஸ்பத்திரி நர்ஸ்.
பாட்டு அவள் போனிலிருந்துதான்.
திரையில் கீறல் விழுந்த, முனை பெயர்ந்த போன்.
இருபது வளைவிலும் ஒருமுறைகூட அறுந்ததில்லை.
பொங்கலுக்குப் பிறகு
பென்னாகரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அவங்க போன் என்ன மாடல் மேடம்?

சொன்னேன்.
கிஷோர் சிரித்துவிட்டான்.
அதெல்லாம் ரொம்ப சாதா போன் மேடம்.
முந்தின ராத்திரியே இறக்கி வச்சிருப்பாங்க.
ஒவ்வொரு பாட்டா.
எந்த போன் வாங்கினாலும்
அதுக்கு ஒருத்தர் உட்காரணும்.

கனகசபை கேட்ட பழைய பாட்டு,
நூருன்னிசா கேட்ட கவாலி,
நான் கேட்காமலே
என் சிடுசிடுப்புக்கு ஒரு வீணை.
இறங்கும்போது சொல்வோம், மறுநாள் இருக்கும்.
நல்ல போன் என்று நினைத்துக்கொண்டோம்.
நைட் டியூட்டி இல்லாத நாளிலும்
அவள் கண் சிவந்திருந்ததற்கு
டெங்கு சீசனைக் காரணம் சொன்னோம்.

நிலா பிடிக்காத போனாக ஒன்று எடுத்தேன்.
இடம் மட்டும் நிறைய.
உறை இலவசம்,
கண்ணாடி ஒட்ட நூற்றைம்பது.

சாரதா கல்லூரி ரோட்டில் ஓரமாக நிறுத்தி
கார் ஸ்டீரியோவில் சேர்த்தால்
இடமில்லை என்றது.
ஐந்து போனுக்குமேல் அதற்கு ஞாபகம் இல்லையாம்.
ஒன்றை அழித்தால்தான் இன்னொன்று.

பட்டியல் வந்தது.
என் பழைய போன்.
கிரிக்கெட் கமென்ட்ரி வைத்து ஒருநாள் உயிரை வாங்கிய
நூருன்னிசாவின் மகன்.
யாரென்று தெரியாத ஓர் எண்.
ஸ்டீரியோ மாட்டிய செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக்.
எல்லாவற்றுக்கும் மேலே
பெர்னா போன்.

பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது.
மெக்கானிக்கை அழித்தேன்.

இப்போது ராத்திரி பத்து மணிக்கு
நான் உட்கார்கிறேன்.
ஒரு பாட்டுக்கு ஒன்றரை நிமிடம்,
எங்கள் தெருவில் இரண்டு.
கனகசபை பட்டியலே அனுப்புகிறார்.
பென்னாகரத்துக்கும் ஒரு வரி அனுப்பினேன்,
எட்டாம் வளைவு தாண்டியாச்சு என்று.
ஒரு கட்டைவிரல் வந்தது,
அதற்குப் பிறகு
ஏதோ எழுதுவதாகக் காட்டி, நின்றுவிட்டது.

காலையில் சாவி திருப்பியதும்
ஸ்டீரியோ முதலில்
பெர்னா போனைத் தேடுவதாகச் சொல்கிறது.
கிடைக்கவில்லை என்றும் அதுவே சொல்கிறது.
அதற்குள் நான்
சீட் பெல்ட் மாட்டிவிடுவேன்.