மூன்று விரல்

மன்னார்குடி கோர்ட்டில் நான் டவாலி.
ஒரு பேரை மூன்று தரம் கூப்பிட வேண்டும்.
பங்குனியில் ஒருநாள்
"வடுவூர் குழந்தை" வரைக்கும் வந்து
தாடை நின்றுவிட்டது.
காதோரம் டக்கென்று ஒரு சத்தம்.
வேலு வெளியே வரவில்லை.
வராந்தாவில் எல்லோரும் குழந்தையைத் தேடினார்கள்.

நாலு மாதம்
இட்லியைக் கரைத்துக் குடித்தேன்.
கொட்டாவிக்குக் கையால் முட்டுக் கொடுத்தேன்.
"உங்க வீட்டுக்காரருக்கு நிம்மதி" என்றார் குமாஸ்தா.
சிரிப்பும் இரண்டு விரல் அகலம்தான்.

தஞ்சாவூரில் டாக்டர் மெஹ்ருன்னிசா
பல்லுக்கு நடுவே ஸ்கேலை நிறுத்தினார்.
இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
"ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?"
கடிக்காமல்?
"கத்தி வேண்டாம். ரெண்டு ஊசி போதும்."

காதுக்கு முன்னால் பேனாவால் இரண்டு புள்ளி.
மரத்தபின்
ஒன்றின் வழியே உப்புநீர் உள்ளே,
மற்றதன் வழியே வெளியே.
எனக்குத் தெரியாததா!
தலைமடை திறந்தால் வடிகாலும் திறந்திருக்க வேண்டும்,
இல்லையென்றால் பயிர் அழுகும்.
வாய்க்கால் என்ற சொல்லில்
வாய் இருப்பதை
அந்த நாற்காலியில் சாய்ந்துதான் கவனித்தேன்.

அரைமணி.
கழுத்தில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றி,
"மெதுவா. இப்போ திறங்க."
முப்பத்தாறு.
முழுசா சரியாகுமா என்றேன்.
"பார்ப்போம்" என்று
இரவில் மாட்ட ஒரு தகடு தந்தார்.

ஆவணியில் அதே வழக்கு.
வடுவூர் குழந்தைவேலு.
வடுவூர் குழந்தைவேலு.
மூன்றாம் தரமும் முழுசாக வந்தது.
ஆள் வரவில்லை.
ஜட்ஜ் நிமிர்ந்து பார்க்கிறார்.
நான் இன்னும் வாயை மூடவில்லை.
கட்டுக்குப் பின்னால் மறைந்து
விரல் வைத்துப் பார்க்கிறேன்:
மூன்று.
கொஞ்சம் இடுக்கி.