வேண்டாம் என்பதற்கான கூலி

பன்னிரண்டு வருஷம் ஒரு கம்பெனியின் பெயர்தான்
என் பெயருக்கு முன்னால் நடந்தது.
போன பிப்ரவரியில் அதை இறக்கி வைத்துவிட்டு
ஷார்ஜாவில் ஒரு மேசை வாடகைக்குப் பிடித்தேன்.
மேசை முழுதும் இல்லை, மூலை.
லைசென்ஸுக்குக் கட்டிய பணத்தில்
மேலப்பாளையத்தில் இரண்டு ஆட்டோ ஓட்டியிருக்கலாம்.
இதை நான் சொல்லவில்லை.
மச்சான் அசன் கனி சொன்னார்,
திருவனந்தபுரத்திலிருந்து கூட்டி வருகையில்
நாங்குநேரி டோல்கேட் வருவதற்குள் மூன்று தரம்.

தெருவில் கேட்டார்கள், இப்போ எந்தக் கம்பெனி?
தனியா.
தனியான்னா?
வீடு வாங்குறவங்களுக்கு ஆலோசனை சொல்றேன்.
"புரோக்கரு" என்றார் மச்சான்.
தெரு நிம்மதியாகி
அஸர் தொழப் போனது.

புரோக்கருக்கு வீடு கைமாறினால் காசு.
எனக்கு மாறாவிட்டாலும்.
சாவி வாங்குமுன் உள்ளே போகிறவன் நான்,
ஒரு டார்ச், ஒரு திர்ஹம் நாணயம், ஒரு கோலிக்குண்டு.
நாணயத்தால் தரைக்கல்லைத் தட்டுவேன்.
டிங் என்றால் அடியில் சிமெண்ட்,
பொத் என்றால் காற்று.
குளியலறையில் உருட்டிவிட்ட கோலி
தண்ணீர் போகும் பக்கம் போகாமல்
என் முட்டிக்கே திரும்பி வந்தால்
நூற்றிப் பதினேழாவது குறை என்று எழுதுவேன்.
இருபத்தெட்டாவது மாடியில்
கோலி விளையாடும் நாற்பத்தோரு வயசுக்காரன்.
செக்யூரிட்டி இன்னும் சிரிக்கிறான்.

முதல் நாலு மாசத்துக்கு ஒரே வாடிக்கையாளர்.
அவரும் பாதிதான் தந்தார்,
மீதிக்கு இன்ஷா அல்லாஹ்.
பஷீரா சம்பளத்தில் சாப்பிட்டோம்.
கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
"ரெண்டு பேரும் ஒரே வேலைதான்" என்பாள்,
"எனக்கு ஒண்ணாந்தேதி இருக்கு, அவ்வளவுதான்."

லீவின் ஐந்தாம் நாள்
ரெட்டியார்பட்டி ரோட்டில் ஒரு வீடு காட்டினார் மச்சான்.
வெள்ளிக்கிழமை அட்வான்ஸ்.
முகப்பில் நீலக் கண்ணாடி, கேட்டில் இரண்டு சிங்கம்.
விற்பவர் பவண்டோ உடைத்துத் தந்தார்.
கிரைண்டருக்கு எந்த மூலை என்று
லாத்தா அளந்துகொண்டிருந்தாள்.
சாரல் காற்றில் ஜன்னல் ஒன்று
தாழ்ப்பாளுக்குச் சிக்காமல் அடித்தது.

சத்தியமாக நான் நினைக்கவில்லை,
கைதான் சட்டைப்பைக்குள் போனது.
பொத்.
நகர்ந்து உட்கார்ந்தேன்.
பொத்.
ஹாலிலிருந்து அடுப்படி வரைக்கும்
தவளைபோல் தாவிப் போனேன்.
"என்னலே செய்யுத?"
"சும்மா, மச்சான்."
"வாங்கலாமா? ஒரு வார்த்தை சொல்லு."

ஒரு வார்த்தைக்குத்தான் அங்கே ஆட்கள்
ஆயிரத்தைந்நூறு திர்ஹம் தருகிறார்கள்.
அதைச் சொன்னேன். சிரித்தார்.
சிரித்து முடித்தபின் என்னைப் பார்க்கவில்லை.

ராத்திரி முழுக்க எழுதினேன், பதினோரு பக்கம்,
முதல்முறையாகத் தமிழில்.
ஈரம் ஏறிய சுவர் வந்தது, ஓதம் என்று.
பொத் என்பதற்குத்தான் ரொம்ப நேரம் பிடித்தது.
பொள்ளல் என்று எழுதி,
அடித்து,
திரும்பவும் அதையே எழுதினேன்.
வேண்டாம், என்று கடைசி வரி.

மூன்று நாள் மச்சான் பேசவில்லை.
நாலாம் நாள் பதினோரு பக்கத்தையும்
விற்பவர் முன் போட்டு
நாலு லட்சம் குறைத்து
அதே வீட்டை வாங்கினார்.

இன்வாய்ஸ் எண் ஏழு. விமானம் ஏறுமுன் அனுப்பினேன்.
நீல டிக் இரண்டும் விழுந்துவிட்டன.
தெருவில் இப்போது நான் புரோக்கர் இல்லையாம்,
"நாணயத்தை வச்சு வீட்டுக்கு நாடி பாக்குறவன்"
என்று மச்சானே சொல்கிறாராம்.
ஃபீஸைப் பற்றிப் பேச்சில்லை.

பஷீராதான் சொன்னாள்,
லாத்தாவோடு போன் பேசிவிட்டு:
அடுப்படி வாசலில் ஒரு கல்லை மட்டும்
லாத்தா மிதிப்பதே இல்லையாம்.
சட்டியோடு வந்தாலும்
சுற்றித்தான் போகிறாளாம்.