தேதி பார்ப்பவள்

கிரிம்ஸ்பி மீன் ஆலையில் எனக்கு வேலை
தேதி பார்ப்பது.
ஹாடக் பெட்டிகள் பட்டையில் ஊர்ந்து வரும்.
மூடியில் அச்சான நாள் பிசகினால்
சிவப்புப் பொத்தானை அழுத்துவேன்.
வரிசை மொத்தமும் நிற்கும்,
கையுறை மாட்டிய எல்லோரும் என்னை முறைப்பார்கள்.
ஒன்பது வருடமாக முறைக்கிறார்கள்.

டெரிக் ஆலர்ன்ஷாவிடம் அது ஆறாவது பாடம்.
கிளீதோர்ப்ஸ் கடலோரம், தூறல்.
"டயர் நன்றாக இருக்கிறதா என்று
எப்படித் தெரிந்துகொள்வாய், டாய்வா?
தேர்வில் கேட்பார்கள். இறங்கிக் காட்டு."

இறங்கினேன். குனிந்தேன்.
நிமிரும்போது
முன்கண்ணாடியில் பச்சை எண்கோணம்.
பச்சை என்றால் தேறியவர்,
இளஞ்சிவப்பு முக்கோணம் என்றால் பழகுபவர்,
ஒன்றுமே இல்லையென்றால் ஓடிவிடு;
ஆலையில் பெட்டி அடுக்கும் ஷெரில் சொல்லியிருந்தாள்.
பச்சைதான். அவர் முகம்தான், மீசையோடு.
ஆனால் பாதியை ஒரு பழைய பார்க்கிங் சீட்டு மறைத்திருந்தது.
தலையைச் சாய்த்தால் இடுக்கில் தெரிகிறது:
பிப்ரவரி.
இப்போது அக்டோபர்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன்.
"டயர் எப்படி?" என்றார்.
"டயர் நன்றாக இருக்கிறது" என்றேன்.
அப்புறம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.
நடுவில் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தான் இருந்தது.
கை தானாகப் போய் அழுத்திவிட்டது.
டிக். டிக். டிக்.
காரின் நான்கு மூலையும் கண் சிமிட்டின.

அவருக்குப் புரிந்துவிட்டது.
"மூன்று தடவை வந்து பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள்" என்றார்.
"மூன்று தடவையும் நான் அதிகம் பேசினேனாம்."
கடலைப் பார்த்துச் சொன்னார். அங்கே கடல் இல்லை,
தண்ணீர் வற்றி வெறும் சேறு.

இவருக்கு முன்னால் ஒருவரிடம் போனேன்.
அட்டையில் எல்லாம் சரி, இன்னும் மூன்று வருடம் செல்லும்.
நான் கியர் மாற்றும்போதெல்லாம்
"உங்கள் ஊரில் கழுதைதானா?" என்பார்.
வில்னியஸில் டிராலிபஸ் ஓடுகிறது என்று
அவருக்கு நான் சொல்லவில்லை.
டெரிக் ஒருநாள் ரவுண்டானாவில்
பதினோரு கார்கள் ஹாரன் அடிக்க
நான் அழும்வரை காத்திருந்து
"அவர்களுக்கு நேரம் இருக்கிறது" என்றார்.

நாள் கடந்த மீன் சிலசமயம் நன்றாகவே இருக்கும்.
முகர்ந்தால் எனக்குத் தெரியும்.
தெரிந்தும் அழுத்துவேன்.

முப்பத்தாறு பவுண்டைத் திருப்பித் தந்தார்.
வாங்கிக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை;
தந்தவிதம்தான், நோட்டுகளை ஒரே பக்கமாக அடுக்கி.
இடம் மாறி உட்கார்ந்தோம். அவரே ஓட்டினார்.
எச்சரிக்கை விளக்கை அணைக்க இருவருக்கும் தோன்றவில்லை,
ஃப்ரீமேன் தெரு வரை சிமிட்டிக்கொண்டே போனோம்.

என் வீட்டு வாசல். கதவுப்பிடியில் கை வைத்தேன்.
"திறக்குமுன் பின்னால் பார்த்தாயா?"

பார்த்தேன்.
விளக்கில்லாத சைக்கிளில் ஒரு பையன்
கதவு திறக்கிற அகலத்தில்
விர்ரென்று போனான்.
அவன் போகட்டும் என்று இருந்து
இறங்கினேன்.