தலை ஆடக்கூடாது

பாடாங் செராய். மழை விட்ட வியாழன்.
அண்ணன் பூபாலனின் ஸ்டூடியோவுக்கு
பாஸ்போர்ட் படமெடுக்க வந்திருக்கிறது
மூன்றுமாதக் குழந்தை.
கழுத்து இன்னும் நிற்கவில்லை.
நாற்காலிமேல் வெள்ளைத் துணி,
துணிக்குள் அதன் தாய்.
பிடரிக்குப் பின்னால் இரண்டு கைகள்.
"ஆடக்கூடாது, ஆடக்கூடாதுலா" என்கிறான் அண்ணன்,
குழந்தையிடமல்ல,
துணியிடம்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்
மடிக்கணினியை விரித்துக்கொண்டு
நானும் ஒரு படத்துக்குத்தான் காத்திருக்கிறேன்.
சிங்கப்பூரில் மணிக்கணக்கு வாடகைக்குப் பிடித்த
எலக்ட்ரான் நுண்நோக்கி
இரவெல்லாம் சுட்டுத் தள்ளிய சாம்பல் சதுரங்கள்,
நாலாயிரத்துச் சொச்சம்.
ஒவ்வொன்றிலும், உறைந்த நீரில் கொசுமுட்டைபோல்,
சேற்றுக் கிருமி ஒன்றின் ஊசிமுனைப் புரதம்.

அந்த ஊசி வழியாகத்தான்
நம் உயிரணுவுக்குள் அது தன் சரக்கை இறக்குகிறது.
முனை சின்னது. நெளியும்.
இரண்டு வருடம் படிகமாக மறுத்தது;
சொட்டுக்குச் சொட்டு தயிர்க்கட்டிதான்.
பிறகுதான் எங்களுக்குத் தோன்றியது,
பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

எதிர்ப்பொருள் முழுதாக ஆகாது,
அதற்கே இடுப்பு ஆட்டம்.
பப்பாளிப் பாலின் நொதியை ஊற்றி
இடுப்புக்கு மேல் நறுக்கி
கையை மட்டும் எடுத்தோம்.
பால் என்றால் ரப்பர் என்று மட்டுமே தெரிந்த ஊர்க்காரி,
அன்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.
பதினொரு கைகளில் பத்து வழுக்கின.
ஏழாம் எண் பிடித்தது.

அமராவதி அக்கா உள்ளே வருகிறார்,
குடையை மடக்காமலே.
கணவர் இரண்டாம் டிவிஷனில் குலை வெட்டியவர்.
செம்பனை முள், குதிகாலில். சர்க்கரை வேறு.
ரத்தத்தில் இந்தக் கிருமி என்று
சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் தாள் வந்தது ஆறாம் நாள்.
அவர் போனது ஐந்தாம் நாள்.
எங்கள் குழாயில் இருப்பது அவருடையதல்ல.
வேறு யாரோ, வேறு வருடம்,
பெயர் இருந்த இடத்தில் ஓர் எண்.
சேறு மட்டும் ஒன்று.

"மருந்து கண்டுபிடிச்சாச்சா டாக்டரம்மா?"
"இல்லக்கா. படம்தான் எடுக்கிறேன்."
"அத உங்கண்ணனே செய்றாரே."

மாலை போட்டு மாட்டப் பெரிதாக்க வேண்டுமாம்.
மகளின் நிச்சயதார்த்தத்தில் எடுத்தது,
அவர் தோளில் யாருடையதோ கை.
"இமிகிரேசன்ல வாங்க மாட்டான்" என்று
குழந்தையின் காதோர விரலை
அப்போதுதான் அழித்து முடித்த அண்ணன்
அதே சூட்டில் கேட்கிறான்:
"இந்தக் கையையும் எடுத்துடவா அக்கா?"
அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்க்கிறார்.
"வேணாம். நாகப்பன் கை அது.
அன்னிக்கு இவருக்கு நல்ல தண்ணி.
அவன் பிடிச்சதாலதான்
இந்த மட்டும் நேரா நின்னாரு."

திரையில்
சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுங்கி
உருவம் திரள்கிறது.
முதலில் தெரிவது எங்கள் ஏழாம் எண்,
நடுவில் ஓட்டையோடு, மெதுவடைபோல.
அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால்
முனை.
ஒரு பக்கம் மட்டும் தெளிவு.
மறுபக்கம் இன்னும் மூடுபனி.

கட்டுரைக்கு வரையும்போது
கையை வெளிறிய சாம்பலாக்குவதுதான் எங்கள் வழக்கம்.
ஏழாம் எண்ணுக்கு
நான் வேறு நிறம் தேடிக்கொண்டிருக்கிறேன்.
அமராவதி அக்கா விலை கேட்கிறார்.
"பதினெட்டு வெள்ளி" என்கிறான் அண்ணன்,
"பிரேம் தனி."